கிணற்றுக்காக வளைந்த சுவர்

அருப்புக்கோட்டை
10-2-1946, ஞாயிறு

சவுந்தரத்துக்கு தாவீதுராஜ் எழுதுவது.

இது என் கை எழுத்து. இன்பராணி டீச்சர் எழுதியது இல்லை. போஸ்ட்மேன் தனுஷ்கோடி எழுதியதும் இல்லை. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். ஆனால் இந்த எழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக எழுதுகிறவனுக்கு டீச்சர் வேலை யார் கொடுப்பார்கள்?

நம் வேதக் கோவிலுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது. பதினோரு பேர் வருகிறோம். அறுபத்திரண்டு வயதில் நான்தான் மூத்தவன். இன்பராணி டீச்சர் உன்னிடம் படித்த பெண் என்பதால் என்னை அடிப்பதில்லை. 'ட' எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. அது சுவர் கட்டும்போது நான் பிடிக்கிற மூலைமட்டம்தான். 'ப' என்பது கூரை போடாத வீடு. 'ழ'தான் கையில் அடங்காமல் ஓடியது. இப்போது அதுவும் நிற்கிறது.

உப்புச் சாடியின் மேல் கரியால் உப்பு என்று எழுதினேன். அதில் உப்பு இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன். பிறகு கதவில் கதவு என்று எழுதினேன். சுவர் வெள்ளையடித்து இருந்ததால் அதில் எழுத மனசு வரவில்லை.

வீட்டில் பேச ஆள் இல்லை. எழுதியதை வாய்விட்டுப் படித்தால் இரண்டு பேர் இருப்பது போல இருக்கிறது.

இந்தக் காகிதத்துக்கு மூன்று ஞாயிறு ஆனது. நீ பதில் எழுது. நானே படிப்பேன்.

தாவீதுராஜ்


அருப்புக்கோட்டை
17-3-1946

சவுந்தரத்துக்கு,

பதில் வரவில்லை. தங்கவயல் தூரம்தான். தனுஷ்கோடியிடம் கேட்டேன். நாலு நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள் என்கிறான். ஐந்து வாரம் ஆகிவிட்டது. பரவாயில்லை. எனக்கு எழுதுவதற்குச் சங்கதி இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கும் நம் தெருவுக்கும் நடுவில் உடைமரம் மண்டிக் கிடந்த பொட்டலை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள். மிஷன் பெல்டன் துரை அவருடைய அமெரிக்க தேசத்து ஆட்டத்துக்கு அங்கே களம் கட்டுகிறார். பேஸ்பால் என்று பெயர். கட்டையால் பந்தை அடித்துவிட்டு நாலு மூலை சுற்றி ஓட வேண்டும். மேஸ்திரி நான்.

இதை நீ பார்க்க வேண்டும். களத்தின் வடிவம் பனையோலை விசிறி. விசிறியின் காம்பு இருக்கிற இடத்தில் அடிக்கிறவன் நிற்கிறான். அங்கிருந்து இரண்டு கோடு விரிந்து போகிறது. நடுவில் சாய்த்து வைத்த சதுரம், பக்கம் தொண்ணூறு அடி. மூன்று முழம், நாலு முழம், குறுக்கே ஐந்து முழம் என்று நூல் பிடித்து மூலை எடுத்தேன். துரை தன் சாமானை வைத்து அளந்து பார்த்தார். அரை விரல் கூடப் பிசகவில்லை. விசிறியின் விளிம்பில் சுவர் வரும். சுவரை ஒட்டி ஜனங்கள் உட்கார மூன்று படி.

ஊருக்கு வெளியே கட்டினால் ஒருவரும் வர மாட்டார்கள், கடையும் வீடும் இருக்கிற நடு ஊரில்தான் களம் இருக்க வேண்டும் என்கிறார் துரை. தெற்கே பஞ்சு ஆபீஸ், வடக்கே நெசவுத் தெரு. பக்கத்து வீட்டு சௌடையா வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏன் மேஸ்திரி, ஒரு பந்தை அடிக்க இம்புட்டு இடமா? இதுல நாங்க நெசவுக்கு நாப்பது பாவு நூல் நீட்டுவோமே!"

இன்னொன்று. சாயங்கால ஆட்டத்தில் அடிக்கிறவன் மேற்கே பார்த்து நின்றால் வெயில் கண்ணைக் குத்தும். நான் கிழக்கே பார்க்கும்படி நூல் போட்டேன். துரை வந்து ஆகாயத்தைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். "மேஸ்திரியாரே, சூரியனை நினைத்து அல்லவா இதைத் திருப்பினீர்! மிகவும் ஞானமுள்ள காரியம்" என்று பத்து பேருக்கு முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு இதைச் சொல்லலாம் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறக்கும்போதுதான் சொல்ல ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஜெயக்கொடி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது.

தாவீதுராஜ்


அருப்புக்கோட்டை
22-4-1946, உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு மறுநாள்

சவுந்தரத்துக்கு,

நேற்று ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினேன். இத்தனை வருஷமும் மனப்பாடமாகப் பாடிய பாட்டில் இரண்டு வார்த்தை தப்பாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் சொல்லவில்லை பார்.

களத்தில் அஸ்திவாரம் தோண்டுகிறோம். விசிறியின் அகலப் பக்கம் நம் தெருவைப் பார்த்து விரிவதால் நம் கொல்லையில் கொஞ்சம் உள்ளே வருகிறது. வீட்டுக்கு ஒன்றும் இல்லை. கொல்லையும் கிணறும்தான். கிணற்றை மூடி மண் நிரவிவிடுவார்கள். எனக்கு ஒருவனுக்கு நாளைக்கு ஒரு குடம் போதும். அதை எங்கேயாவது வாங்கிக்கொள்வேன். இடம் உன் பேரில் இருப்பதால் துரையின் களக் கமிட்டியிலிருந்து உனக்குக் காகிதம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பு. அந்தக் கிணறு இருக்கிற இடத்தில் இடது பக்கத்து ஆள் நின்று பந்தைப் பிடிப்பான். ஆனி பிறக்குமுன் சுவர் எழுந்துவிடும்.

பண்டிகைக்குப் பக்கத்து வீட்டு சௌடம்மாள் பலகாரம் கொடுத்தனுப்பினாள். மூன்று நாளைக்கு வைத்துச் சாப்பிடுவேன்.

தாவீதுராஜ்


கோலார் தங்கவயல்
28-4-1946

ஜெயக்கொடியின் அப்பாவுக்கு,

கமிட்டிக் காகிதம் வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன்.

தாது வருஷப் பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு என் அம்மா பிச்சையம்மாள் வெட்ட வைத்த கிணறு அது. மண்ணை அவளே தலையில் சுமந்து வெளியே கொட்டினாள். அந்தத் தெருவில் மற்ற கிணறெல்லாம் உப்பு. உங்களுக்கு ஒரு குடம் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். விடிந்தால் அங்கே எத்தனை குடம் இறங்குகிறது என்று என்றைக்காவது எண்ணினீர்களா? சௌடம்மாள் கொடுத்த பலகாரம் எந்தத் தண்ணீரில் செய்தது?

வேறொன்று. அந்த வரைபடத்தை நான் அங்கே இருந்தபோதே துரை பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் காட்டியிருக்கிறார். விசிறி பள்ளிக்கூடத்துப் பக்கம் விரிந்திருந்தது. காம்புதான் நம் தெருப் பக்கம் இருந்தது. நம் கொல்லையை அது தொடவே இல்லை. சூரியனுக்காக நீங்கள் திருப்பியதாக எழுதுகிறீர்கள். நான் உங்களோடு முப்பத்தேழு வருஷம் இருந்தவள். உண்மையை எழுதுங்கள்.

ஜெயக்கொடி சுகம்.

சவுந்தரம்


அருப்புக்கோட்டை
6-5-1946

சவுந்தரத்துக்கு,

உன் கடிதம் வந்தது. தனுஷ்கோடி கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "படிச்சுச் சொல்லவா மேஸ்திரி?" என்றான். "குடுய்யா, எனக்குத் தெரியும்" என்று வாங்கினேன். வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். திட்டுத்தான். ஆனாலும் உன் திட்டை நானே படித்தேன் என்று ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது. கோபித்துக்கொள்ளாதே.

உண்மையை எழுதுகிறேன். இதை எழுத மூன்று நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

தை மாதம் துரை படத்தை என் கையில் கொடுத்துவிட்டு மதுரைக்குப் போனார். அப்போது எனக்கு எழுத்து பாதிதான் தெரியும். தமிழே பாதி. படத்தில் இருந்தது இங்கிலீஷ். எந்தப் பக்கம் மேலே என்று தெரியவில்லை. சித்தாள்கள் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பது வருஷமாகப் படத்தை விரித்து, தலையை ஆட்டி, "ம்" என்று சொல்லி மடித்து வைத்தவன் நான். அன்றைக்கும் அப்படியே செய்தேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். மேற்கு கிழக்காகிவிட்டது. துரை வந்து சூரியனைச் சொன்னபோதுதான் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்தது. "ஆமாம் ஐயா, சூரியனுக்காகத்தான்" என்று சொன்னேன். உனக்கும் அதையே எழுதினேன்.

காலையில் கிணற்றடியில் போய் நின்று எண்ணினேன். நாற்பத்திரண்டு குடம் வரை எண்ணினேன். அதற்குள், "என்ன மேஸ்திரி, பொம்பளைக தண்ணி எடுக்கிற எடத்துல என்ன சோலி?" என்று சௌடம்மாள் சத்தம் போட்டதால் வந்துவிட்டேன்.

தாவீதுராஜ்


கோலார் தங்கவயல்
14-5-1946

ஜெயக்கொடியின் அப்பாவுக்கு,

கடிதம் கண்டேன். என்னிடம் சொன்னது போதாது. துரையிடம் சொல்லுங்கள். சித்தாள்கள் எட்டுப் பேர் இருக்கும்போது சொல்லுங்கள்.

உங்களுக்கு எழுத்துத் தெரியாததை நான் ஒருநாளும் குற்றமாக நினைத்ததில்லை. இன்னொருவரிடம் கேட்க வெட்கப்பட்டீர்கள். அதுதான் குற்றம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் கைக்கு ஒரு கடிதம் வந்தது. நான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் திருச்சுழிப் பக்கம் கிராமங்களுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பார்கள். அதை மடித்துத் தூக்குக்குண்டு வைக்கிற பைக்குள் போட்டுவிட்டு மறந்துபோனீர்கள். சனிக்கிழமை நான் வந்து சேர்ந்தபோதும் உங்களுக்கு ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தது தந்திதான். நான் இங்கே வந்தபோது குழந்தையை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். "கடிதம் போட்டேனேம்மா" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

கிணறு நகராது. சுவர்தான் நகர வேண்டும்.

தந்தி வந்த அன்று அந்தக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, "படித்துப் பாருங்கள்" என்று உங்கள் முன்னால் வீசிவிட்டு வந்தேன். உங்களால் முடியாது என்று தெரிந்தே சொன்னேன். அது இப்போது எங்கே இருக்கிறது?

சவுந்தரம்


அருப்புக்கோட்டை
16-6-1946

சவுந்தரத்துக்கு,

துரையிடம் சொல்லிவிட்டேன். சித்தாள்கள் எட்டுப் பேர் இல்லை. அன்றைக்குப் பதினாலு பேர் இருந்தார்கள்.

"ஐயா, நான் சூரியனுக்காகத் திருப்பவில்லை. படத்தைத் தலைகீழாப் பிடிச்சுட்டேன். எனக்கு அன்னைக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். துரை என்னையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் சிவந்து, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "மேஸ்திரியாரே, தவறு என்னுடையது. சூரியன் எந்தப் பக்கம் விழும் என்று நான் யோசிக்கவேயில்லை. நேராகப் பிடித்துப் படம் போட்டவன் நான்தானே" என்றார். களம் இப்படியே கிழக்கே பார்த்து இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கிணற்றைப் பற்றியும் சொன்னேன். நீ கையெழுத்துப் போட மாட்டாய் என்றும், நாற்பத்திரண்டு குடம் என்றும் சொன்னேன். துரை கிணற்றடிக்கு வந்து ஒரு கை தண்ணீர் குடித்துப் பார்த்தார். அவர் பிறந்த பட்டணத்திலும் ஊர் நடுவே இப்படி ஒரு களம் உண்டாம். "ஒரு பக்கத்துத் தெரு நகர மாட்டேன் என்றது. ஆகையால் சுவர் கிட்டே வந்தது. கிட்டே வந்தபடியால் அதை உயரமாய் எழுப்பினார்கள். எங்கள் ஜனங்கள் அந்தச் சுவரைத்தான் அதிகமாய் நேசிக்கிறார்கள்" என்றார்.

அதனால் சுவர் கிணற்றுக்கு முன்னால் முழங்கை மடக்கினது போல வளைந்து போகும். கிணறு தெருவோடு இருக்கும். அந்த இடத்தில் அடிக்கிறவனுக்குச் சுவர் நாற்பது அடி கிட்டே வருகிறது. சும்மா விட்டால் பந்து குடத்தின் மேல் விழும். அங்கே மட்டும் இருபது அடி உயரம் எழுப்புகிறேன். சிமிட்டி கிடைக்கவில்லை. சுண்ணாம்புதான். வெல்லத் தண்ணீரும் கடுக்காயும் போட்டு அரைக்கிறோம்.

இனி அந்தக் கடிதம்.

அது என்னிடம்தான் இருக்கிறது. நீ வீசிய அன்றைக்கு எடுத்து உன் தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன். உடைக்கவில்லை. யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் அவர்கள் வாயால்தான் அதைக் கேட்க வேண்டும். என் பிள்ளை எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது. நான் பள்ளிக்கூடம் போனதே அதற்காகத்தான். உப்புச் சாடி, பாட்டுப் புத்தகம் எல்லாம் வழியில் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உடைத்தேன். ஒரு பக்கம்தான். படிக்க மத்தியானம் முழுவதும் ஆனது. கால் வீங்கியிருக்கிறது என்றும், நர்ஸ் பயமுறுத்துகிறாள் என்றும் எழுதியிருக்கிறாள். கடிதம் கண்டவுடன் அம்மா புறப்பட்டு வரவும் என்று எழுதியிருக்கிறாள். இவ்வளவும் உனக்குத் தெரியும். கடைசியில் இரண்டு வரி இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. நீயும் அதை உடைத்துப் பார்க்கவில்லை அல்லவா? அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா கிராமத்துக்குப் போயிருந்தால் காத்திருக்க வேண்டாம் அப்பா. நீங்களாவது வாங்க."

சவுந்தரம், அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் அந்தக் கூப்பாட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நாலு நாள் செட்டியார் வீட்டு மதிலுக்குத் தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மதில் இன்றைக்கும் நேராக நிற்கிறது. அந்த வழியாக நான் போவதில்லை.

தாவீதுராஜ்


கோலார் தங்கவயல்
9-7-1946

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்தக் கடைசி இரண்டு வரியை ஜெயக்கொடி என்னிடம் சொல்லவேயில்லை. நேற்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "அப்பா படிச்சுட்டாகளா?" என்று மட்டும் கேட்டாள். "நானே பள்ளிக்கூடம் போய்ப் படிச்சேன்னு எழுதியிருக்காக" என்றேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் கையெழுத்தைக் காட்டும்மா" என்றாள். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். உப்புச் சாடிக்கு வந்ததும் சிரித்தாள். பிறகு அழுதாள்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான இரண்டாம் மாதம் உங்களுக்கு எழுத்துச் சொல்லித்தர உட்கார்ந்தேன். நீங்கள் பாலபாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தீர்கள். நான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். மறுவாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்தீர்கள். கேட்டுவிட்டீர்கள் என்று உங்கள் செருப்புச் சத்தம் திரும்பிப் போனதிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் புத்தகத்தைத் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை. உங்களுக்கு எல்லாவற்றையும் நான் படித்துச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் வீட்டில் அதை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்க வெட்கப்பட்டீர்கள் என்று எழுதினேன். அந்த வெட்கத்துக்கு நானும் காரணம்.

சுவரைப் பற்றி. வளைகிற இடத்தில், கிணற்றைப் பார்த்த பக்கம், குடம் இறக்கி வைக்க ஒரு கல்மேடை வேண்டும். தரையில் வைத்துத் தூக்கினால் இடுப்பு ஒடிகிறது. அதற்குச் சம்மதித்தால், சுவருக்கு அந்தப் பக்கம் வரும் இடத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன். மேடை இடுப்பளவு இருக்கட்டும்.

ஜெயக்கொடிக்கு மறுபடியும் மூன்று மாதம். இதை உங்களுக்கு எழுதச் சொன்னது அவள்தான்.

சவுந்தரம்


அருப்புக்கோட்டை
1-12-1946

அன்புள்ள சவுந்தரத்துக்கு,

சுவர் முடிந்தது. நேற்று சாரம் பிரித்தோம்.

இடையில் எழுதிய கார்டுகளில் சுகம் விசாரித்ததோடு நின்றுவிட்டேன். வேலை அப்படி. இப்போது நிதானமாக எழுதுகிறேன். தெருவிலிருந்து பார்த்தால் சுவர் தாழ்வாக வந்து, கிணற்றை நெருங்கும்போது எழுந்து, வளைந்து, மறுபடியும் தாழ்கிறது. கிணற்றை யாரோ கையால் அணைத்தது போல இருக்கிறது. துரை தினமும் வந்து அதன் முன்னால் நின்றுவிட்டுப் போகிறார். காலையில் அந்த உயரச் சுவரின் நிழல் கிணற்றடியில் விழவில்லை. மத்தியானத்துக்கு மேல் விழுகிறது. வெயில் நேரத்தில் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு நல்லது. அதை நான் யோசித்துச் செய்யவில்லை. தானாக அமைந்தது. இனி யார் புகழ்ந்தாலும் தானாக அமைந்தது என்றே சொல்வேன்.

மேடையும் போட்டாயிற்று. பாலையம்பட்டிக் கல். சித்தாள், "இடுப்பளவுன்னா யாரு இடுப்பு மேஸ்திரி? ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுமே" என்றான். நான் கையை நீட்டி உயரம் காட்டினேன். கோடு போட்டுக் கட்டினான். அளவு யாரிடமும் கேட்கவில்லை. இது வெட்கத்தால் கேட்காமல் விட்டது இல்லை. முப்பத்தேழு வருஷம் நீ குடத்தோடு உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் குடம் வைத்தது சௌடம்மாள். "சவுந்தரத்தக்கா வந்தாத்தான் வைக்கணும்னு இருந்தேன். ரெண்டு நாளா இடுப்பு நோவு தாங்கல" என்று மன்னிப்புக் கேட்டாள்.

களத்தில் இன்னொரு ஏற்பாடு. விடிந்ததும் வெயில் ஏறும்வரை நெசவுத் தெருக்காரர்கள் உள்ளே பாவு நீட்டுகிறார்கள். சாயங்காலம் ஆட்டம். "நீங்க சதுரம் போட்டீக, நாங்க அதுல கோடு போடுறோம்" என்கிறார் சௌடையா.

முதல் ஆட்டம் 21-ஆம் தேதி சனிக்கிழமை, நாலு மணிக்கு. மதுரையிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. முதல் பந்தை மேஸ்திரிதான் எறிய வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். வீட்டில் எறிந்து பழகுகிறேன். கதவில் நான் எழுதியிருந்த கதவு என்கிற எழுத்தைக் குறி வைக்கிறேன். இரண்டு தடவைக்கு ஒரு தடவை படுகிறது. வேட்டி வெளுக்கப் போட்டிருக்கிறேன்.

நீ அவளை விட்டு வர முடியாது என்று தெரியும். பிரசவம் ஜனவரி கடைசி என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகாவது வந்து பார். மேல் படியில் ஓரத்தில் உட்கார்ந்தால் களமும் தெரியும், நம் வீட்டு ஓடும் தெரியும். நான் சாயங்காலம் அங்கேதான் இருக்கிறேன். ஊர் முழுவதும் உட்காரக் கட்டிய இடத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்.

தாவீதுராஜ்


கோலார் தங்கவயல்
17-12-1946

அன்புள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தை நீங்களே படியுங்கள். ஏதாவது எழுத்து விளங்காவிட்டால் யாரிடமாவது கொடுத்துக் கேளுங்கள்.

ஜெயக்கொடிக்கு நேற்றிலிருந்து கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஜனவரி வரை தாங்காது, பத்து நாளைக்குள் இருக்கும் என்கிறார்கள். மாப்பிள்ளை மரியராஜுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு மாற்றித் தரவில்லை. நான் இருக்கிறேன். தைரியமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அவள் பயப்படுகிறாள். போன தடவையைப் போலவே எல்லாம் வருகிறது என்கிறாள்.

தந்தி கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா. அப்பாவுக்குக் கடிதாசியே போடு. இப்ப அவுகளே படிப்பாகல்ல" என்றாள்.

21-ஆம் தேதி உங்களுக்கு என்ன நாள் என்று எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து மறுநாள் புறப்பட்டாலும் குற்றம் சொல்ல மாட்டேன்.

கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவும் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

சவுந்தரம்


அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு
21-12-1946, சனி

அன்புள்ள சவுந்தரத்துக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கையிலேயே கொண்டுவருகிறேன். நாளைக் கழித்து மாப்பிள்ளையின் சுரங்க லைன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கொடுப்பேன். பஸ் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடிதம் பத்தே கால் மணிக்கு வந்தது. நான் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது மூலைக்குப் போகிற கோடு பாதியில் இருந்தது. தனுஷ்கோடி களத்துக்குள்ளேயே வந்து, "மேஸ்திரி, தங்கவயல்" என்றான். சட்டியைக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்தேன். வெளுத்து வந்த வேட்டி. சுண்ணாம்பாகிவிட்டது. நின்றபடியே உடைத்துப் படித்தேன். 'ஆஸ்பத்திரி' என்கிற இடத்தில் எழுத்து கண்ணுக்குள் குழம்பியது. தனுஷ்கோடியிடம் நீட்டி, "இது என்னய்யா?" என்று கேட்டேன். அவன் சொன்னான். மீதியை நானே படித்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு துரையிடம் போனேன். கடிதத்தைக் காட்டினேன். "அந்த ஒரு பந்தையாவது எறிந்துவிட்டுப் போகலாமே, சாயங்கால பஸ் இருக்கிறதே" என்று பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர் சொன்னார். துரை அவரைப் பார்த்த பார்வையில் அவர் நகர்ந்துவிட்டார். "மேஸ்திரியாரே, போய் வாரும். சுவர் எங்கும் போகாது" என்று துரை என் பெட்டியைத் தூக்க வந்தார். நான் விடவில்லை.

வழியில் சௌடையாவைப் பார்த்தேன். "யாரு எறிவா அப்ப, மொதப் பந்தை?" என்று கேட்டார். "நீர் எறியும். கதவுல ரெண்டு தரம் எறிஞ்சு பழகிட்டுப் போம்" என்று சாவியை அவர் கையில் கொடுத்தேன். சௌடம்மாள் கிணற்றிலிருந்து ஒரு கூஜா தண்ணீர் பிடித்து, துணி சுற்றிக் கொடுத்திருக்கிறாள். "அந்தப் பிள்ளைக்கு நம்ம தண்ணி ஒரு வாயி குடுங்க" என்றாள். மடியில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் கசிகிறது.

விருதுநகரில் ரயில். பங்காருப்பேட்டையில் மாற வேண்டும். ஸ்டேஷன் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வருவேன். இது வரைக்கும் ரயிலில் போனபோது யாராவது இறங்கினால் அவர்களோடு இறங்குவேன்.

பஸ் வந்துவிட்டது. நெற்றியில் விருதுநகர் என்று எழுதியிருக்கிறது. நானே படித்தேன். இருந்தாலும் கண்டக்டரிடம், "தம்பி, இது விருதுநகர் போற பஸ்ஸுதான?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஆமா பெரியவரே, ஏறுங்க" என்றான்.